கணக்குப் பிழைத்த இரவுகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முறிப்பான்

குளத்து அளவுகோலில் 21 அடி 4 அங்குலம். ரோச் அடித்து நானே வாசித்தேன். என் சட்டைப் பையில் இருந்த தாளில் விடியும்போது 22 அடி என்று இருந்தது. வான் மட்டம், அதாவது குளம் நிரம்பி வெளியே வழியும் மட்டம், 23. பயப்பட ஒன்றுமில்லை என்று குளக்கட்டில் நின்றவர்களிடம் சொன்னேன்.

இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் நீரை மதிப்பிட மொடல் செய்திருந்தேன். ஹெக் எச்எம்எஸ் என்ற, மழையிலிருந்து நீர்வரத்தைக் கணிக்கும் கணினி மென்பொருள், நாலு வருட மழைத் தரவு, வழக்கமான வேலைதான். பெய்யும் மழையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குளத்துக்கு வருகிறது என்று அந்த நாலு வருடமும் சொன்னது. வரைபில் மொடலின் கோடும் அளந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று அழகாகப் படிந்தன. மேற்பார்வையாளர்கூடப் பாராட்டினார்.

அன்று இரவு 11 மணி இருக்கும். முன்பு வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளராக, இருந்த ஐயா ஒருவர் கட்டின் உள்பக்கம் இறங்கி, ஒரு பூவரசங் கம்பை நீர் விளிம்பில் குத்திவிட்டு வந்து சுருட்டுப் பற்றவைத்தார். சுருட்டு முடியுமுன் கம்பில் இரண்டு விரல் ஏறிவிட்டது.

"மேல இருக்கிற குஞ்சுக் குளமெல்லாம் வான் பாயத் துவங்கீற்றுது தம்பி. இனி எல்லாம் ஒண்டாத்தான் வரும். உம்மட கடதாசியில அந்தக் குளங்கள் இருக்கோ?"

இல்லை. ஏழு குளங்கள். வரைபடத்தில் நகத்தளவு. கொள்ளளவு தெரியாது என்று விட்டுவிட்டேன். அவை நிரம்பாத வருடங்களை வைத்துத்தான் என் மொடல் படித்திருந்தது. நிரம்பும்வரை மழையை அவை விழுங்கும், நிரம்பிய பிறகு வருவதெல்லாம் அப்படியே கீழே. நாலில் ஒரு பங்கு என்ற கணக்கு அன்றைக்குச் செல்லாது.

3.40க்கு வான் பாய்ந்தது. என் பேச்சை நம்பி இரண்டு பேர் வானுக்குக் கீழே கட்டியிருந்த மாட்டை அவிழ்க்காமல் படுக்கப் போயிருந்தார்கள். ஐயா ஆளனுப்பி அவிழ்க்கச் செய்தார். அந்த மாடுகள்தான் இன்றைக்கும் கனவில் வருகின்றன.

வரம்போரம்

என்னுடையது வெள்ளமில்லை, நெல்லு.

காலபோக (மாரிக்கால நெல்) விளைச்சல் மதிப்பீட்டுக்குத் தற்காலிகமாகப் போயிருந்தேன். எந்த வயல், வரம்பிலிருந்து எத்தனை எட்டு உள்ளே என்பதையெல்லாம் எழுமாற்று எண் அட்டவணை சொல்லும். அங்கே அளவுக் கம்பிச் சட்டத்தை வைத்து, உள்ளே நிற்பதை அறுத்து, அடித்து, நிறுக்க வேண்டும். எண் சொன்ன இடத்தில் பன்றி உழக்கியிருந்தது. பாதி நெல் சேற்றில்.

வயல்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலேயே வந்து, "பிள்ளை, இங்கால வையுமன், இதுதானே வயல்" என்று மட்டும் சொன்னா. அவவுக்கு அது மானப் பிரச்சினை. நட்டஈடு வாங்க வேண்டியவ, நல்ல கதிரைக் காட்ட நிற்கிறா.

நான் ஆறு எட்டுத் தள்ளி வைத்தேன்.

அது ஒரு வயல் இல்லை. ஒரு சட்டத்து நெல், எத்தனையோ ஏக்கருக்குப் பெருகிப் போகிற கணக்கு. இன்னொன்றும் உண்டு: சட்டத்தின் கம்பியில் முட்டி நிற்கும் கதிரை உள்ளேதான் எடுக்கச் சொல்லும் கை. சட்டம் சின்னதென்றால் பரப்புக்கு ஓரம் அதிகம், அதனால் விளைச்சலும் அதிகமாகக் காட்டும். 1940களில் இந்தியாவில் புள்ளியியலாளர் சுகாத்மே இதைப் பரிசோதித்தே காட்டிவிட்டார். பயிற்சியில் எங்களுக்கும் சொன்னார்கள். சொல்லியும் என்ன, கை தள்ளி வைத்ததே.

கணக்குவாத்தி

முறிப்பான் தம்பி, குறை நினைக்காதீர். மொடல் பிழைக்கவில்லை, நீர் அதை நடத்திய விதம் பிழை. எனக்கும் ஒரு கதை உண்டு, சின்னது: ஒரு குளத்தில் நீர்மட்டம் மணிக்கு மணி அரை அடி ஏறி இறங்குவதாகத் தரவு வந்தது. இரண்டு கிழமை மண்டையைப் பிய்த்தேன். போய்ப் பார்த்தால் அலை. அளவுகோல் திறந்த நீரில் நின்றது. அவ்வளவுதான்.

இனி நீர் செய்திருக்க வேண்டியது. மொடல் ஒரு எண் சொல்லும், அளவுகோல் ஒரு எண் சொல்லும். இரண்டிலும் எவ்வளவு பிழை வரக்கூடும் என்று தெரிந்தால், பிழை குறைந்த பக்கம் கூடச் சாய்ந்து நடுவில் ஒரு மட்டத்தை எடுக்கலாம். அடுத்த மணிக்கு அதிலிருந்து கணக்கைத் தொடங்கும். திரும்ப அளவும், திரும்பத் திருத்தும். 1960இல் காள்மன் என்ற பொறியியலாளர் எழுதிக் கொடுத்த வழி இது. அப்பலோ விண்கலம் சந்திரனுக்குப் போகும் வழியை மதிப்பிட்டதும் இதனால்தான். நீரோ மாலையில் அச்சடித்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நின்றிருக்கிறீர். கையில் ரோச், முன்னால் அளவுகோல், வாசித்ததைக் கணக்குக்குள் போடவில்லை!

அடுத்தது, கொள்ளளவு அட்டவணை. இத்தனை அடி நின்றால் இத்தனை ஏக்கர் அடி என்ற பட்டியலை எந்த ஆண்டு அளந்தார்கள் என்று கேட்டீரா? வண்டல் படிந்தால் பட்டியல் பொய். அடுத்தது, நாலு வருடத்தையும் மொடலைப் பொருத்தவே பயன்படுத்தினால் சோதிக்க என்ன மிச்சம்? ஒரு வருடத்தை ஒளித்து வைத்திருக்க வேண்டும், அதுவும் ஆகக் கூடிய மழை பெய்த வருடத்தை. அடுத்தது நாஷ் சட்கிளிஃப் எண், மொடல் அளவீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுவது; 1 வந்தால் முழுப் பொருத்தம். 0.9 வந்தது என்று மகிழாதீர். அது ஆண்டு முழுக்கப் பார்த்துச் சொல்லும் எண், உமக்குத் தேவை ஒரே ஒரு இரவு. அடுத்தது, ஒற்றை எண் சொல்லாதீர், வீச்சாகச் சொல்லும்.

முரசுமோட்டைப் பிள்ளை

வாத்தியார், அவர் வழி கேட்கவில்லை. மனப்பாரத்தை இறக்கிவைத்தார்.

2018 டிசம்பர் 21 இரவு வெள்ளத்தை எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வவுனியாப் பக்கம் பெய்தது முழுக்கக் கனகராயன் ஆற்றோடு இரணைமடுக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வாசலால் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போனது. நாங்கள் மேசைக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் அரிசி மூட்டை, அதற்கு மேல் அம்மம்மாவின் வானொலி என்று அடுக்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. தண்ணீர் வடிந்ததும் சுவரில் சேற்றுக் கோடு. பொறியியல் படிக்கும் அண்ணா நூல் பிடித்து, எதிர் வீட்டுக் கோட்டையும் அளந்து, சரிவு பார்த்து, நீரோட்டத்தைக் கணிக்கும் மானிங் சமன்பாட்டில் போட்டு வினாடிக்கு எத்தனை கனஅடி போனது என்று சொன்னான். அம்மம்மா வாய் பிளந்து கேட்டா. பிறகு நான் கேட்டேன், "கரடுமுரடுக்கு என்ன எண் போட்டாய்?" 0.035. அது துப்புரவான ஆற்றுக்கு. எங்கள் வளவிலோ ஈச்சம் பற்றையும் முள்ளுக் கம்பியும். அடர்ந்த பற்றைக்கு 0.1 போட வேண்டும். போட்டால் விடை மூன்றில் ஒன்றாகிறது! அதே சுவர், அதே கோடு. அண்ணா அன்று சாப்பிடவில்லை. நான் கேட்டிருக்கக் கூடாது என்று இப்போதும் படும்.

வரம்போரம்

வாத்தியார் சொன்னதை இரண்டாம் தரம் வாசித்தேன். அளக்கிறது, திருத்துகிறது, திரும்ப அளக்கிறது. அந்த ஐயா கம்பும் சுருட்டும் வைத்துச் செய்தது வேறென்ன?

கணக்குவாத்தி

கம்பு அளவுகோல்தான், ஒத்துக்கொள்கிறேன். அவரிடமும் ஒரு மொடல் இருந்தது, அதில் ஏழு குளமும் இருந்தன. வரம்போரம், நீங்கள் ஆறு எட்டுத் தள்ளி வைத்ததைப் படிவத்தின் ஓரத்தில் எழுதியிருக்கலாம். அதற்கும் ஒரு முறை...

வரம்போரம்

வேண்டாம் வாத்தியார் :)

முறிப்பான்

வாத்தியார் அண்ணை, கோபமில்லை. ஒளித்து வைக்க வேண்டிய வருடம் பற்றிச் சொன்னது சுட்டது, சரியாகவே சுட்டது.

பிறகு ஏழு குளத்தையும் நடந்து பார்த்தேன். நாலில் தண்ணீர் நின்றது. இரண்டு தூர்ந்து மாடு மேய்கிறது. ஒன்றின் கட்டு சண்டைக் காலத்தில் உடைந்தபடி, உள்ளே பாலை மரம் ஆளுயரத்துக்கு மேல். வரைபடத்தில் மட்டும் ஏழும் நீல நிறம். எல்லாவற்றையும் கண்டபடியே மொடலில் போட்டேன். வரைபடத்தை நம்பி ஏழையும் குளமாகவே போட்டிருந்தால், இல்லாத குளங்களில் தண்ணீர் மறித்திருப்பேன்.

ஐயா இப்போதும் மார்கழியில் தொலைபேசி எடுப்பார். "கடதாசி என்ன சொல்லுது?" போன மார்கழியில் வீச்சாகவே சொன்னேன், 22இலிருந்து 24க்குள் என்று.

"வான் 23 எல்லோ தம்பி" என்றுவிட்டு வைத்துவிட்டார்.