கொடம்புளி மாத்திரை

சாந்தி சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) கொடம்புளி மாத்திரை! கொழுப்பை உண்டாக்கும் என்சைமையே அடைக்கும்! டயட் வேண்டாம், நடை வேண்டாம்!!

சாந்தி சித்தி: ஜெனி மக்களே, நீ பயோகெமிஸ்ட்ரிதானே. இது உண்மையா? ஆர்டர் போடட்டுமா?

ராஜன் மாமா: வாரம் நாலு நாள் கொடம்புளி போட்ட மீன் குழம்புதானே சாப்பிடுகிறாய் சாந்தி? மெலிந்த மாதிரி தெரியவில்லையே 😄

சாந்தி சித்தி: அண்ணா, வேண்டாம் 😡

ஜெனி: பாதி உண்மை சித்தி. நாம் தின்னும் சோறு குளுக்கோஸாகி, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அசிட்டைல் கோ-ஏ என்ற மூலப்பொருள் ஆகிறது. அதிலிருந்து கொழுப்பு அமிலம் தயாராவதோ அந்த அறைக்கு வெளியே. அசிட்டைல் கோ-ஏவால் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. அதனால் சிட்ரேட்டாக வேஷம் மாற்றி வெளியே வரும். அங்கே ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற என்சைம் அதை வெட்டி, மறுபடி அசிட்டைல் கோ-ஏ ஆக்கும்.

ஜெனி: கொடம்புளியில் இருக்கும் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் பார்க்க சிட்ரேட் போலவே இருக்கும். போய் அந்த என்சைமை அடைத்துக்கொள்ளும். எலிகளில் கொழுப்பு உற்பத்தி குறைந்தது.

சாந்தி சித்தி: அப்போ வாங்கலாம்!

ஜெனி: பொறுங்க. 1998இல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. இந்த மாதிரி மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. அதோடு, எண்ணெயில் வரும் கொழுப்புக்கு இந்த என்சைமே தேவையில்லை, நேரே போய்ச் சேர்ந்துவிடும்.

அம்மா: நேற்று ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸ் போன மாதிரி.

ராஜன் மாமா: அப்போ இந்த என்சைமை அடைக்க வழியே இல்லையா?

ஜெனி: இருக்கிறது மாமா, உங்கள் வீட்டிலேயே! கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் மாத்திரை போட்டு தசைவலி வந்ததும் மாற்றிக் கொடுத்தார்களே, பெம்பிடோயிக் அமிலம், அது அடைப்பது இதைத்தான். கொலஸ்ட்ராலும் அதே அசிட்டைல் கோ-ஏவில் இருந்துதான் உருவாகிறது. அந்த மருந்து கல்லீரலுக்குள் போனால்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறும், தசையில் மாறாது.

ராஜன் மாமா: பிறகு நான் ஏன் மெலியவில்லை?

ஜெனி: அது கெட்ட கொலஸ்ட்ராலுக்கு, தொப்பைக்கு இல்லை 😄 சிலருக்கு யூரிக் அமிலம் ஏறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜன் மாமா: ரெண்டு நாளாகக் கால் பெருவிரல் வலி. புதுச் செருப்பு என்று நினைத்தேன்.

ஜெனி: அது யூரிக் அமிலத்தாலும் இருக்கலாம், நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

சாந்தி சித்தி: சரி, ஆர்டர் போடவில்லை. அக்கா, நாளைக்குச் சாளைக் குழம்பு வைத்தால் எனக்கும் எடுத்து வை.

ராஜன் மாமா: எனக்கும்.

ஜெனி: மாமா, சாளையும் யூரிக் அமிலத்தை ஏற்றும் 🙈