புதுப்பிப்பு: கிங் கிரிம்சன் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிகளின் பார்வையாளர் பதிவுகள்

2019 ஜூன் 18, 19, 20 ஆகிய மூன்று இரவுகளில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான கிங் கிரிம்சன் வாசித்ததைப் பார்வையாளர்கள் இருக்கையிலிருந்தே பதிவுசெய்தவற்றுள் எது சிறந்தது என்று முன்பு கேட்டிருந்தேன். ஒப்பிட்டுக் கேட்டபின், மேடைக்கு அருகிலிருந்து எடுத்தவையே மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் அரங்கின் குவிமாடம். அதன் எதிரொலியைத் தணிக்கக் 'காளான்' எனப்படும் கண்ணாடியிழைத் தட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டது, இக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்த அதே 1969இல்தான். ஆயினும் மேல்மாடப் பதிவுகளில் டிரம் ஒலி இன்னும் கலங்கியே கேட்கிறது. குழுவின் டிரம் கலைஞர்களான மாஸ்டெலோட்டோ, ஸ்டேசி, ஹாரிசன் ஆகிய மூவரும் மேடையின் முன்வரிசையில் அமர்ந்து, ஒருவர் விட்ட தாளத்தை மற்றவர் எடுத்து இடமிருந்து வலமாக நகர்த்தும் அழகு, இரு மைக்குகள் தெளிவாக வாங்கிய பதிவில் மட்டுமே பிடிபடுகிறது, அதற்காகவே இவற்றைத் தேடலாம்.

இரண்டு பதிவுகளை இணைக்க விரும்புவோர், பதிவுக் கருவிகளின் உள் கடிகாரங்கள் சிறிது வேறுபடுவதால் போகப்போக ஒலி விலகும் என்பதை மனத்தில் கொண்டு, பாட்டுக்குப் பாட்டு மீண்டும் பொருத்த வேண்டும். எம்பி3 ஆக மாற்றாத மூலக் கோப்பையும் தனியே வைத்திருங்கள்.

குழுவின் நிறுவனர்களில் ஒருவரும் கிதார் கலைஞருமான ராபர்ட் ஃபிரிப், கச்சேரியில் பதிவுசெய்வதை வெளிப்படையாக எதிர்ப்பவர். ஆகவே இவற்றை விற்பது தவறு என்றே கருதுகிறேன். ஃபிரிப் தொடங்கிய இசை வெளியீட்டு நிறுவனமான டிஜிஎம், குழுவின் ஏராளமான கச்சேரிப் பதிவுகளை வெளியிட்டிருக்கிறது. முதலில் அவற்றை வாங்குங்கள்.