மூணாவது வீதி குரூப்: காலை ஆறு மணி பேட்ச்

*பெரியப்பா:* (பலமுறை பகிரப்பட்டது) 40 வயதைத் தாண்டியவர்கள் ஜிம் பக்கமே போகக் கூடாது. இதயம் தாங்காது. உங்கள் சொந்தங்கள் அனைவருக்கும் உடனே அனுப்பவும் 🙏

*பெரியப்பா:* கன்னட நடிகர் புனித் ராஜ்குமாருக்கு 46 வயசுதான். 2021ல மாரடைப்புல போனாரு. ஹால்ல உடற்பயிற்சி ஆரம்பிக்கறக்கு முன்னாடி எல்லாரும் யோசிங்க

*லதா அத்தை:* ஐயோ

*பிரபு அண்ணா:* கோச் தம்பி நாளைக்குள்ள பேர் கேட்டிருக்காரு. 10 பேர் சேந்தா ஆளுக்கு மாசம் 700. இதுவரைக்கும் 7

*கவிதா:* எங்க வீட்ல 2

*மணி மாமா:* சிறுவாணித் தண்ணி யாருக்காவது வந்துச்சா

*சுதா அக்கா:* பெரியப்பா, அந்த ஃபார்வர்டு தப்புங்க. ஆனா பயம் நியாயம்தான், அதனால முழுசா எழுதறேன். பயிற்சி பண்றப்ப ஹார்ட் அட்டாக் வர்றவங்களுக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய்ல அடைப்பு முன்னாடியே இருக்கும், வெளிய தெரியாது. பி.பி., சுகர், கொலஸ்ட்ரால், சிகரெட் எல்லாம் வருசக்கணக்கா சேத்து வெச்சது. அசையாம உக்காந்திருந்தவங்க திடீர்னு ஒருநாள் மூச்சு முட்ட முட்டப் பண்ணினா அந்த நேரத்துக்கு ஆபத்து கூடும். அதே ஆளு கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, விடாம பண்ணிட்டு வந்தா ஆபத்து குறைஞ்சுட்டே வரும்.

*சுதா அக்கா:* அதனால சேர்றவங்க எல்லாரும் பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் பாத்துட்டு வரோணும். சுகர், பி.பி. மாத்திரை சாப்பிடறவங்க, வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. ஈ.சி.ஜி. நல்லா இருந்தாலே அடைப்பு இல்லைன்னு ஆயிராது. பண்றப்ப நெஞ்சு இறுக்கம், தாடை வலி, இடது கை வலி, தலைசுத்தல், குளிர்ந்த வேர்வை, எது வந்தாலும் உடனே நிறுத்தி 108. கேஸுன்னு நினைச்சு சோடா குடிச்சுட்டு உக்காரக் கூடாது.

*மணி மாமா:* நடந்தாப் பத்தாதா. ரேஸ்கோர்ஸ் ஒரு ரவுண்டு ரெண்டரை கிலோமீட்டர். காசும் மிச்சம்

*சுதா அக்கா:* நடங்க மாமா, விடவே வேண்டாம். ஆனா நடக்கறதுல தொடைக்கும் முதுகுக்கும் பாரம் பத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரம் 150 முதல் 300 நிமிசம் வேகநடை மாதிரி மிதமான உழைப்பு, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கு வலுவேத்தற பயிற்சி. 65க்கு மேல போனா கீழ விழாம இருக்க நிதானப் பயிற்சியும் வாரம் 3 நாள். அதனால திங்கள், புதன், வெள்ளி ஹால். மத்த நாள் ரேஸ்கோர்ஸ்.

*லதா அத்தை:* சேலைல வரலாமா

*சுதா அக்கா:* சுடிதார்ல வாங்க அத்தை. படி ஏறி இறங்கறப்ப கொசுவம் கால்ல மாட்டும்

*பிரபு அண்ணா:* ஹால் சாவி ராமசாமி அண்ணன்கிட்ட இருக்கு

*கவிதா:* அவர்கிட்ட யார் கேக்கறது 😐

*லதா அத்தை:* பொங்கல் விழாக் கணக்கே இன்னும் தீரல

*பிரபு அண்ணா:* அதை இங்க எடுக்காதீங்க அத்தை ப்ளீஸ்

*கவிதா:* அக்கா, மெஷின் எதுவும் வாங்கோணுமா

*சுதா அக்கா:* வேண்டவே வேண்டாம். 5 ஸ்டேஷன், ஒண்ணுக்கு ரெண்டு பேர் ஜோடி. ஒருத்தர் 40 செகண்ட் பண்ணுவாரு, கூட இருக்கறவர் எண்ணிட்டே நிலையைப் பாப்பாரு. அப்புறம் மாத்திக்குவாங்க. இடம் மாற்ற நேரத்தோட ஸ்டேஷனுக்கு 2 நிமிசம், 5 ஸ்டேஷன் 10 நிமிசம், ரெண்டு சுத்து 20. முன்னால 10 நிமிசம் உடம்பைச் சூடாக்க, கடைசில 5 நிமிசம் மெதுவா ஆத்த.
1) சேர்ல உக்காந்து எந்திரிக்கறது. பிளாஸ்டிக் சேர் டைல்ஸ்ல வழுக்கும், சுவத்தோட ஒட்டிப் போடுங்க.
2) சுவத்துல கை வெச்சு புஷ்-அப்.
3) ரப்பர் பேண்டைத் தூண்ல கட்டி இழுக்கறது.
4) 15 சென்டிமீட்டர் படி, கைப்பிடியைப் பிடிச்சு.
5) கைக்கு ஒரு 5 லிட்டர் தண்ணிக் கேன், ஹால் நீளத்துக்கு நிமிர்ந்து நடக்கறது. கேனுக்கு 5 கிலோ, அளவும் சரியாத் தெரியும்.

*மணி மாமா:* 20 லிட்டர் கேனே நான் ஒரு கைல தூக்குவேன்

*லதா அத்தை:* அதான் போன வருசம் இடுப்பு புடிச்சுச்சு

*சுதா அக்கா:* 5 லிட்டர்லயே ஆரம்பிங்க மாமா. தூக்கறப்ப மூச்சை அடக்கக் கூடாது, பி.பி. சட்டுனு ஏறிரும். எந்திரிக்கறப்ப ஊதி விடுங்க, இறங்கறப்ப இழுங்க.

*கவிதா:* முழங்கால் வலி இருக்கறவங்க?

*சுதா அக்கா:* சேர் மேல ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்குங்க. பொத்துனு உக்காரக் கூடாது, மூணு எண்ணி இறங்கோணும். முழங்கால் ரெண்டும் உள்பக்கம் சாயுதான்னு ஜோடில இருக்கறவர் எதிர்ல நின்னு பாக்கோணும். வலி பத்துக்கு மூணு இருந்து, மறுநாள் காலைல பழையபடி ஆயிட்டாப் பரவால்ல. வீங்கினா அளவைக் குறைங்க. 12 தடவை சுலபமா வருது, அடுத்த கிளாஸ்லயும் அப்படியேன்னா ஒரு தலகாணியை எடுங்க. தலகாணி ரெண்டும் போனப்புறம்தான் கைல கேன்.

*பிரபு அண்ணா:* பேண்டு நம்ம வீட்ல பழசு 3 இருக்கு. மொட்டை மாடில கிடக்குது

*சுதா அக்கா:* வெயில்ல கிடந்த ரப்பர் வெடிச்சுப் போயிருக்கும்ணா. இழுத்துப் பாருங்க, வெள்ளையாக் கீறல் தெரிஞ்சா குப்பைல போட்டுருங்க. அறுந்தா நேரா மூஞ்சில அடிக்கும். புதுசு வாங்கி ஹாலுக்குள்ளயே நிழல்ல மாட்டி வைங்க.

*பெரியப்பா:* எனக்கு சுகர் மாத்திரை. வெறும் வயித்துல வரலாமா கண்ணு

*சுதா அக்கா:* என்ன மாத்திரைன்னு பாக்கோணும் பெரியப்பா, சிலது சுகரை ரொம்ப இறக்கும், இன்சுலினும் அப்படித்தான். நீங்க மீட்டர்ல பாத்துட்டு வாங்க. 90க்குக் கீழன்னா ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு. 250க்கு மேலன்னா அன்னைக்கு வேண்டாம், டாக்டர்கிட்ட பேசுங்க. நடுவுல கை நடுங்கி, வேர்த்து, 70க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலந்து குடிச்சுட்டு 15 நிமிசத்துல மறுபடி பாக்கோணும். ஹால்ல சர்க்கரை டப்பா இருக்கட்டும். கால் மரத்துப் போறவங்க வெறுங்கால்ல பண்ணவே கூடாது.

*மணி மாமா:* அண்ணே நீங்க வர்றீங்களா அப்ப?

*பெரியப்பா:* கேட்டேன். அவ்வளவுதான்

*கவிதா:* புரோட்டீன் பவுடர் கேக்கறான் எங்க வீட்டுப் பையன்

*சுதா அக்கா:* வேண்டாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல விட்ட உணவு வழிகாட்டுதல்லயே தவிர்க்கச் சொல்லியிருக்கு. ரெண்டு முட்டைல 12 கிராம் கிட்ட வரும். இல்லைன்னா கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பு, தயிரு.

*லதா அத்தை:* சித்திரைல நம்ம சுமதி பொண்ணு கல்யாணம், பத்து நாள் யாரும் இருக்க மாட்டோம்

*கவிதா:* கல்யாணத் தேதி மாத்தியாச்சுன்னு சொன்னாங்களே?

*லதா அத்தை:* யார் சொன்னா?? எனக்குச் சொல்லவே இல்ல

*சுதா அக்கா:* கல்யாணம் வரட்டும் அத்தை, இடைவெளி விழுந்தா திரும்பி வர்ற அன்னைக்கு ஒரே சுத்து பண்ணுங்க. பேட்ச் எல்லாம் கலையறது வேற காரணத்துல. முதல் வாரத்துலயே அடிச்சுப் பிரிப்பாங்க. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு தொடைவலில படி இறங்க முடியாது, வெக்கப்பட்டு வீட்லயே இருந்துருவாங்க, அவங்களை யாரும் கேக்கவும் மாட்டாங்க. அதனால முதல் ரெண்டு வாரம் ஒரே சுத்துதான், பேச முடியற மூச்சுல. இன்னும் பண்ணலாம்னு தோணறப்பவே நிறுத்தோணும். தொடர்ந்து ரெண்டு கிளாஸ் வராதவங்களுக்கு ஜோடில இருக்கறவர் போன் பண்ணோணும், ஏன் வரலைன்னு அதட்டாம, நல்லாருக்கீங்களான்னு. ஜோடியைப் புருசன் பொண்டாட்டியாப் போடாதீங்க, ஒருத்தர் லீவு போட்டா ரெண்டு பேரும் போச்சு. முடிஞ்சதும் ஒரு கால்மணி நேரம் எல்லாரும் உக்காந்து டீ. அந்தக் கால்மணி நேரத்துக்காகவே வருவாங்க, அதை விட்டுராதீங்க.

*பிரபு அண்ணா:* 👍👍

*மணி மாமா:* எனக்கு ராமசாமியை ஜோடியாப் போட்டுராதீங்க

*பிரபு அண்ணா:* அவர் இன்னும் பேரே குடுக்கல மாமா

*சுதா அக்கா:* ஒரு கோச்சுக்குப் பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல வேண்டாம்ணா, அதுக்கு மேல போனா யார் முதுகை வளைச்சுத் தூக்கறாங்கன்னு அவரால பாக்க முடியாது. அப்புறம் நாலு பேருக்காவது சி.பி.ஆர். தெரிஞ்சிருக்கோணும், இதயம் நின்னு போனவங்களுக்கு நெஞ்சை அமுக்கற முதலுதவி. நெஞ்சு நடுவுல, நிமிசத்துக்கு 100லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுக்கோணும். ஒரு ஞாயித்துக்கிழமை நான் தலகாணி வெச்சு சொல்லித் தரேன்.

*கவிதா:* எந்த ஞாயிறு

*லதா அத்தை:* இந்த ஞாயிறு கோயில் இருக்கு

*பெரியப்பா:* இப்பப் பாத்தேன். பி.பி. 148/92

*சுதா அக்கா:* ஒருதடவை பாத்ததை வெச்சு முடிவு பண்ண முடியாது பெரியப்பா. அஞ்சு நிமிசம் சாஞ்சு உக்காந்து, காலைத் தரைல வெச்சு, பேசாம இருந்து மறுபடி பாருங்க. அப்பவும் அதே இருந்தா மூணு நாள் எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சரின்னா திங்கக்கிழமை சேர் பயிற்சியும் சுவத்துப் பயிற்சியும் மட்டும்.

*பிரபு அண்ணா:* அப்ப மொத்தம் 9ஆ 11ஆ? மணி மாமா உள்ளயா வெளியயா

*கவிதா:* ஹால்ல அந்தப் பழைய டிரெட்மில்லை யார் எடுக்கறது? அது இருந்தா கேன் நடைக்கு இடமே பத்தாது

*பிரபு அண்ணா:* அது ராமசாமி அண்ணன் வாங்கிக் குடுத்தது

*லதா அத்தை:* அப்ப நான் கேக்க மாட்டேன்