பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை வைத்து மாடிக்கு வைஃபை கொண்டுபோக முடியுமா?

தஞ்சை மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு 1980களில் கட்டியது, ஒன்பது அங்குலச் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பின் பெட்டி வாசல் பக்கத்து ஹாலில் இருக்கிறது, மகளின் அறை மாடியில் பின்பக்கம். அந்த அறையில் போனில் ஒரு கோடுதான் காட்டுகிறது, வேகம் 2 எம்பிபிஎஸ் வந்தாலே பெரிது. ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை, ராத்திரியில் பாட வீடியோ பார்க்க மாடிப்படியில் வந்து உட்காருகிறாள். பார்க்க மனசு கேட்கவில்லை.

கடையில் கேட்டால் எக்ஸ்டெண்டர் (வைஃபையைப் பிடித்து மறுபடி கொடுக்கிற பெட்டி) வாங்கச் சொல்கிறார்கள். என்னிடம் 2014இல் வாங்கிய டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ஒன்று பரணில் சும்மா கிடக்கிறது, விளக்கு எல்லாம் நன்றாக எரிகிறது. அதையே பயன்படுத்தலாமா? எக்ஸ்டெண்டர்தான் வாங்க வேண்டுமா?

கேபிள்காரன்

வாங்காதீர்கள் சார், உங்களிடம் இருப்பதே போதும். ஆனால் ஒரு கேபிள் இழுக்க நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி. இழுக்க முடியும் என்றால் அந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றிவிடலாம், அதாவது அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு, கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யும். கேட் 5இ என்கிற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் அந்தக் கவலையே இல்லை.

வரிசை மாறாமல் செய்யுங்கள். பழைய பெட்டியை மெயின் பெட்டியோடு சேர்க்காமல் தனியாக வைத்து, ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பழைய செட்டிங்கை எல்லாம் அழியுங்கள். லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான கேபிள் ஓட்டை) செருகி 192.168.0.1 என்று பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம் (வேறு முகவரியாக இருந்தால் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்). முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு. அடுத்து லேன் பகுதியில் அதன் ஐபி முகவரி: மெயின் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். ஜியோ ஃபைபர் என்றால் மெயின் 192.168.29.1 ஆக இருக்கும், அதற்கு 192.168.29.2. எதைக் கொடுத்தாலும் மெயின் பெட்டி தானாக மற்ற கருவிகளுக்குப் பங்கிடுகிற எண்களுக்குள் அது விழக்கூடாது. விழுந்தால் மெயின் பெட்டியில் அந்தப் பங்கீடு 100இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். டிஹெச்சிபியை, அதாவது பழைய பெட்டியும் இப்படித் தானாக முகவரி பங்கிடுகிற வசதியை, அணைப்பது கடைசியில்தான், முன்னாலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள்.

அப்புறம் மெயின் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து பழையதின் லேன் போர்ட்டுக்குக் கேபிள். வெளி இணைப்புக்கான அந்த நீல வான் போர்ட்டைத் தொடவே வேண்டாம். இந்த மாற்றம் எதுவும் செய்யாமல் அதில் செருகினாலும் நெட் வரும், ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும், கீழே இருக்கிற பிரிண்டரும் டிவியும் மாடியில் இருந்து தெரியாது.

நடுவறை

அந்த மாடலிலேயே டபிள்யூடிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, கேபிள் இல்லாமலே மெயின் வைஃபையைப் பிடித்து மறுபடி கொடுக்கும். நான் ஒரு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன். வேலை செய்யும், ஆனால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோ என்பதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அப்புறம் இன்னொன்று, அதை மகள் அறையில் வைத்தால் பயனே இல்லை. அங்கே சிக்னலே வராதபோது அது எதைப் பிடித்து எதைக் கொடுக்கும்? மாடிப்படி வளைவு மாதிரி பாதி வழியில், மெயின் சிக்னல் இன்னும் நன்றாக வருகிற இடத்தில் வைக்க வேண்டும். எக்ஸ்டெண்டர் வாங்கினாலும் இதே கதைதான், பலர் இது தெரியாமல் மூலையில் மாட்டிவிட்டு நொந்துகொள்கிறார்கள். வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் டபிள்யூடிஎஸ். சொந்த வீட்டுக்குக் கேபிள்தான்.

தஞ்சை மாடிவீடு

ரெண்டு பேருக்கும் நன்றி. 20 மீட்டர் கேபிள் வாங்கி மாடிப்படி ஓரமாக இழுத்துவிட்டேன். கேபிள்காரன் சார் சொன்ன வரிசைப்படியே செய்தேன், டிஹெச்சிபியில் டிசேபிள் போட்டு சேவும் கொடுத்தேன். மாடியில் வைஃபை முழுக் கோடு காட்டுகிறது, ஆனால் நெட் இல்லை. இதைவிட மோசம், கீழே ஹால் டிவியிலும் நெட் நின்றுவிட்டது. என் போனில் வருகிறது, மனைவி போனில் வரவில்லை. ஒன்றும் புரியவில்லை.

பழைய டிஎஸ்எல்

பயப்படாதீர்கள் அண்ணே. மனைவி போனில் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் கேட்வே என்று ஒரு எண் காட்டும், போன் எந்தப் பெட்டி வழியாக நெட்டுக்குப் போகப் பார்க்கிறது என்பதன் முகவரி அது. அது 192.168.1.2 என்று இருந்தால் பழைய பெட்டி இன்னும் முகவரி பங்கிட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே வீட்டில் ரெண்டு பேர் முகவரி கொடுத்தால் யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்கள் சொன்னதைக் கருவி கேட்கும், அதனால்தான் உங்கள் போன் தப்பித்தது, டிவி மாட்டிக்கொண்டது. அந்த மாடலில் டிஹெச்சிபியை அணைத்து சேவ் கொடுத்தால் மட்டும் போதாது, ரீபூட் செய்தால்தான் அமலுக்கு வரும். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வந்திருக்கும் பாருங்கள்.

நான் வைத்திருப்பது ரவுட்டர்கூட இல்லை, தரைவழிப் போன் காலத்து டிஎஸ்எல் மோடம். டெலிபோன் ஒயர் ஓட்டையைக் காலியாக விட்டுவிட்டு, லேன் போர்ட்டில் கேபிள் செருகி இதே மாதிரிதான் ஓட்டுகிறேன். தூக்கிப்போட இருந்த பொருள், நாலு வருஷமாக அப்பா அறைக்கு வைஃபை கொடுக்கிறது.

கேபிள்காரன்

ரீபூட்டை நான்தான் சொல்ல விட்டுவிட்டேன், மன்னிக்கவும். வைஃபை வந்ததும் சேனலையும் (வைஃபை ஓடுகிற அலைவரிசை எண்) பாருங்கள், கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள், பக்கத்துப் பக்கத்து எண் கூடாது. ரெண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

நடுவறை

பெயர் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே பிடித்த சிக்னலை, அது சுத்தமாக அறுந்துபோகிற வரை விடாத போன்கள் இருக்கின்றன. மகள் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கப் போகிறாள், மாடிக்குத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். எதில் இருக்கிறோம் என்று அவளுக்கே தெரியும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருஷப் பெட்டிக்கு இனி ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருள்) அப்டேட் எதிர்பார்க்க முடியாது. வெளி இணையத்தைப் பார்த்து நிற்பது உங்கள் மெயின் பெட்டிதான் என்பதால் ஆபத்து குறைவு, அதற்காக அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கிற டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் வையுங்கள். டிகேஐபி என்கிற பழைய முறை இருந்தால் பாதுகாப்பும் போச்சு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. அடாப்டரும் முக்கியம், இதற்கு 9 வோல்ட். செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர் கையில் கிடைத்தது என்று செருகினால் பெட்டி போய்விடலாம்.

தஞ்சை மாடிவீடு

அதேதான்! கேட்வே 192.168.1.2 என்று காட்டியது. ரீபூட் செய்தேன், டிவியை ஒருமுறை அணைத்துப் போட்டேன், எல்லாம் வந்துவிட்டது. மாடிக்குத் தனிப் பெயர், சேனல் 11. மகள் மேஜையில் 41 எம்பிபிஎஸ் வருகிறது, இந்தப் பெட்டிக்கு இதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். மொட்டை மாடி அறைக்கும் இன்னொரு கேபிள் இழுக்கலாமா என்று பார்க்கிறேன், வெளிச்சுவர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

பழைய டிஎஸ்எல்

வெளிச்சுவர் வேண்டாம் அண்ணே. ஐப்பசி மழையில் இடி இடித்தால் வெளியே ஓடுகிற செப்புக் கேபிள் வழியாக ரெண்டு பெட்டியும் சேர்ந்து போக வாய்ப்பிருக்கிறது. உள்ளேயே மாடிப்படிக் கூண்டு வழியாக வழி இருக்கிறதா என்று பாருங்கள், பத்து மீட்டர் கூடினாலும் பரவாயில்லை.