கப்பல் மூழ்கினால் கேப்டன்தான் காரணமா?

கடலோடி72: எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் மூழ்கியதன் விசாரணை விவரங்களை மறுபடி படித்தேன். 2015 அக்டோபர் 1, பகாமாஸ் பக்கம், ஹோவாக்கின் புயல், 33 பேரும் போய்விட்டார்கள். வேறு வழியாகப் போகலாம் என்று இளைய அதிகாரிகள் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. கேப்டன் நம்பியதோ பல மணி நேரம் பழசான வானிலைத் தகவலை. கப்பல் போனால் முதலில் கேட்க வேண்டியது கேப்டனைத்தான் என்பது என் கட்சி.

ஈரமண்: அவர்மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்தின் மேற்பார்வையும் சரியில்லை என்று அதே விசாரணைதான் சொன்னது. நாற்பது வயதுக் கப்பல், மேல்மூடி இல்லாத உயிர்காப்புப் படகுகள். அந்தப் புயலில் அதில் யார் ஏறுவது?

பல்க் ஜூபிட்டர் கப்பலை எடுங்கள். 2015 ஜனவரி 2, மலேசியாவில் ஏற்றிய 46,400 டன் பாக்சைட்டோடு (அலுமினியத் தாது) வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. 19 பேரில் பிழைத்தவர் சமையல்காரர் ஒருவர்தான். சரக்கில் இருக்கவே கூடாத அளவுக்கு ஈரம். கப்பல் ஆட ஆட, ஹோல்டுக்குள் (சரக்குக் கிடங்கு) கெட்டியாகக் கிடந்தது சேறும் தண்ணீருமாகி ஒரு பக்கம் சாயும். சாய்ந்தது திரும்பி வராது.

கடலோடி72: அதற்குத்தான் டப்பா சோதனை இருக்கிறதே. சின்ன டப்பாவில் பாதிக்கு மண் போட்டு 25 தடவை ஓங்கித் தட்டினால், மேலே தண்ணீர் வருகிறதா என்று தெரிந்துவிடும். ஏற்ற மாட்டேன் என்று சொல்ல கேப்டனுக்கு உரிமை உண்டு.

ஈரமண்: தட்டியவன் நான், ஐயா. நிக்கல் தாது. இருபது தட்டுக்குள்ளேயே மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி மினுங்கியது. சரக்குக்காரர் அந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, குவியலின் உச்சியில் வெயிலில் காய்ந்த மண்ணை அள்ளிக் கொடுத்து "இப்போது தட்டு" என்றார். அது தேறியது. டப்பாவில் தண்ணீர் தெரியாவிட்டால் சரக்கு பத்திரம் என்று அர்த்தமில்லை, விதியே அப்படித்தான் சொல்கிறது. அதற்குள் கரையிலிருந்து கேப்டனுக்கு மூன்று போன்.

பழைய_நங்கூரம்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். டெர்பிஷைர் கப்பலை இருவருமே மறந்துவிட்டீர்கள். 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே புயலில் இரும்புத் தாதோடு மறைந்தது. 44 பேர். கிடந்த இடத்தை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். 1998-ல் வந்த அறிக்கை, முன்பக்கத்துக் கிடங்கு மூடியை மாலுமிகள் சரியாகப் பூட்டவில்லை என்றது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்வானா? குடும்பங்கள் விடவில்லை. 2000-ல் மறுவிசாரணை மாலுமிகள்மேல் தவறில்லை என்றது. முகப்பில் உடைந்த காற்றுக்குழாய்கள் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

புதுக் கப்பலும் விதிவிலக்கில்லை. எம்ஓஎல் கம்ஃபர்ட்டுக்கு ஐந்தே வயது. 2013-ல் இந்தியப் பெருங்கடலில் நடுவே முறிந்து இரண்டானது. நல்லவேளை, 26 பேரும் பிழைத்தார்கள்.

கடலோடி72: டெர்பிஷைர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் எல் ஃபாரோவையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எல் ஃபாரோவில் கப்பலை ஓட்டும் மேடையில் பேசியது 26 மணி நேரம் பதிவாகியிருக்கிறது, அங்கே ஊகத்துக்கு இடமில்லை.

சரி, ஈரமண், அந்த நிக்கல் கப்பல் அப்புறம் என்ன ஆயிற்று?

ஈரமண்: போய்ச் சேர்ந்தது. வழி முழுக்க லைஃப் ஜாக்கெட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். கேப்டனும் அப்படித்தான் படுத்தார் என்று பிறகுதான் தெரிந்தது.