மனிதருக்கும் இயந்திரத்துக்கும் காதல்: நல்ல படம் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே, ஓர் உதவி. நேற்று ராத்திரி 'ஹெர்' (2013) படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தபடி நாயகன் தியோடர், "நீ வேறு எத்தனை பேரோடு பேசுகிறாய்?" என்கிற மாதிரி கேட்பான். 8,316 பேர் என்பாள் சமந்தா, அவன் காதலிக்கும் கணினிக் குரல். அதில் காதலிப்பது 641 பேரை! அந்த நிமிஷம் தியோடராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திட்டவும் முடியாமல், அழவும் முடியாமல்... எனக்கு அப்புறம் தூக்கமே வரவில்லை.

இதே தவிப்பைத் தரும் வேறு படங்கள் இருந்தால் சொல்லுங்கள். பார்த்து முடித்தவை: 'எக்ஸ் மெஷினா' (அது காதலா, ஏமாற்றா என்று இன்னும் எனக்குள் பஞ்சாயத்து ஓடுகிறது), ஸ்பீல்பெர்கின் 'ஏ.ஐ.', அப்புறம் நம்ம 'எந்திரன்'. சிட்டிக்கு சனா மேல் காதல் வரும் இடம் வரைதான் எனக்குப் படம். பிறகு வரும் சண்டையெல்லாம் வேறு கதை.

காதல்தான் வேண்டும் என்றில்லை. மலையாள 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' (2019) படத்தில் வயதான அப்பா ரோபோவைப் பிள்ளையாகவே நினைத்துவிடுவாரே, அந்த மாதிரிப் பாசமும் சரி. உலகத்தை அழிக்கக் கிளம்பும் இயந்திரங்கள் மட்டும் வேண்டாம், போதும் போதும் என்றாகிவிட்டது.

எந்த மொழியானாலும் பரவாயில்லை, சப்டைட்டில் இருந்தால் போதும். ஏன் பிடித்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்!