புதுப்பிப்பு: மகளின் மாறுகண்ணும் பைஃபோகல் கண்ணாடியும்

நாலு வயது மகளுக்குக் கண் உள்பக்கம் திரும்புகிறது, பைஃபோகல் (மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு என இரண்டு பவர் உள்ள கண்ணாடி) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவசியமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டு மூன்று மாதம் ஆகிறது.

பழைய கண்ணாடியிலேயே தூரப் பார்வைக்குக் கண் நேராக நின்றது. படம் வரையக் குனிந்தால்தான் திரும்பும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் உழைப்பே கண்களை உள்ளே இழுக்கிறதாம். கீழ்ப்பாதியில் கூடுதலாக உள்ள +3.00 பவர் அந்த உழைப்பைக் குறைக்கிறது.

ஆனால் முதலில் பலனே இல்லை! பெரியவர்களுக்குப் போல இரண்டு பாதிகளையும் பிரிக்கும் கோட்டைத் தாழ்வாக வைத்துவிட்டார்கள்; அவள் மேல்பாதி வழியாகவே படித்தாள். கோடு கண்பாவையின் நடுவில் வரும்படி மாற்றினோம். அப்புறம் படிக்கும்போதும் கண் நேராக நிற்கிறது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

கழற்றினால் இன்னும் திரும்பத்தான் செய்கிறது. அது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர்.